முன்பின் தெரியாதவருக்கு அரை அட்டை: போஸ்ட்கிராஸிங் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2005 ஜூலை 14 அன்று பாவ்லோ மகல்யாயிஸ் என்ற போர்ச்சுகல் மாணவர், ஓய்வு நேரத்தில் எழுதிய போஸ்ட்கிராஸிங் என்ற சின்ன இணையத் திட்டத்தைத் திறந்து வைத்தார்; உலகத்தில் எங்கோ இருக்கும் முன்பின் தெரியாதவருக்குப் பட அட்டை அனுப்பும் ஏற்பாடு அது. அந்தத் தளம் ஓடிய கணினி பழையது. வீட்டில் துணி வைக்கும் அலமாரிக்குள் இருந்தது. தபால் பெட்டியில் பட அட்டை வந்து விழுவது அவருக்குப் பிடிக்கும். தன்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கிறார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு தப்பவில்லை. 2008 ஏப்ரலில் பத்து லட்சமாவது அட்டை போய்ச் சேர்ந்தது. இன்று போஸ்ட்கிராஸிங் வழியாகப் போய்ச் சேர்ந்த அட்டைகள் 7 கோடியைத் தாண்டிவிட்டன. பாவ்லோவும் ஆனா கம்போஸும் சேர்ந்து அதை இன்னும் நடத்தி வருகிறார்கள்.

இதைப் பற்றி எழுதும்போது பலரும் "கையெழுத்தின் அழகு", "மறைந்துபோன கடிதக் கலை" என்று உருகத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. நானும் அட்டை அனுப்புகிறவன்தான். என் கையெழுத்து பார்க்கச் சகிக்காது. என் ஆர்வமெல்லாம் வேறு. தன் பொழுதுபோக்கை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதற்கு இணையத்தில் ஆயிரம் இடம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் கொஞ்ச நாளிலேயே சத்தமாகச் சொல்பவர்கள் மேடை ஏறிவிடுகிறார்கள், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். இருபது வருடமாகியும் போஸ்ட்கிராஸிங்கில் அது நடக்கவில்லை. இதற்குக் காரணம் அட்டையின் அழகு அல்ல, நாலைந்து விதிகள் என்பதுதான் என் முடிவு. அந்த விதிகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு அட்டை போகிற வழி

உறுப்பினராகிறீர்கள். உங்கள் முகவரியைக் கொடுத்து, உங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதி வைக்கிறீர்கள். பிறகு "ஒரு முகவரி கொடு" என்று கேட்கிறீர்கள். உலகத்தில் எங்கோ இருக்கும் ஒரு உறுப்பினரின் முகவரி, அவர் தன்னைப் பற்றி எழுதியிருக்கும் வரிகள், அப்புறம் ஒரு அடையாள எண் ஆகியவை வரும். இந்தியாவிலிருந்து போகும் அட்டை என்றால் எண்ணின் முன்னால் ஐ-என் என்று இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு இலக்கங்கள். யார் வேண்டும், எந்த நாடு வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

அந்த எண்ணை அட்டையில் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போடுகிறீர்கள். அவர் கையில் கிடைத்ததும் எண்ணைப் பதிவு செய்து, இரண்டு வரி நன்றி எழுதுவார். பதிவான பிறகு உங்கள் முகவரி இன்னொருவருக்குப் போகும். அவர் உங்களுக்கு எழுதுவார். ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகள்தான் பயணத்தில் இருக்கலாம். அனுப்ப அனுப்ப அந்த வரம்பு உயரும், உச்சம் 100. அறுபது நாளில் போய்ச் சேராத அட்டை காலாவதியானதாகக் கணக்கிடப்பட்டு, உங்கள் வரம்பில் ஒரு இடம் விடுபடும். அதற்குப் பிறகு வந்து சேர்ந்தாலும் பதிவு செய்யலாம்.

இந்த வரம்பு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அதன் வேலை பெரியது. ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு எதையும் இங்கே சொல்ல முடியாது. புதிதாக வந்தவருக்கு ஐந்து பேர்தான். ஐந்து பேருக்கும் தனித்தனியாக, அவரவர் எழுதியதைப் படித்து, உட்கார்ந்து எழுத வேண்டும். வியாபார நோக்கத்தோடு வருகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. இரண்டாவது வாரமே போய்விடுவார்.

எழுத எவ்வளவு இடம்

சாதாரணப் பட அட்டை 14.8 சென்டிமீட்டர் நீளம், 10.5 சென்டிமீட்டர் உயரம். பின்பக்கத்தில் வலது பாதி முகவரிக்கும் ஸ்டாம்புக்கும் போய்விடும். மிஞ்சுவது உள்ளங்கை அளவு இடம். அதிலும் அடையாள எண்ணுக்கு ஒரு ஓரம் ஒதுக்க வேண்டும். பலர் இரண்டு இடத்தில் எழுதுவார்கள், ஒன்றின் மேல் முத்திரை விழுந்தாலும் இன்னொன்று பிழைக்கட்டும் என்று.

அந்தப் பாதி இடமே தாமதமாகக் கிடைத்ததுதான். உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளிவந்தது. இந்தியாவுக்கு 1879 ஜூலையில் கால் அணா விலையில் வந்தது. பட அட்டைகள் பரவிய காலத்தில் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்; செய்தி எழுத நினைத்தால் படத்தின் ஓரத்தில் எங்காவது இடுக்க வேண்டும். 1902-ல் பிரிட்டன் முகவரிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க அனுமதித்தது. பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா என்று அடுத்த சில வருடங்களில் மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. அன்று கிடைத்த பாதி அட்டையில்தான் இன்றும் எழுதுகிறோம்.

இந்த அளவு ஒரு நன்மை செய்கிறது. இவ்வளவு சின்ன இடத்தில் யாரும் தன் வாழ்க்கை வரலாற்றை எழுத முடியாது. "நான் பயணங்களை நேசிப்பவன், இயற்கையின் ரசிகன்" என்று எழுதத் தொடங்கினால் அதிலேயே அட்டை தீர்ந்துவிடும், எதுவும் சொன்னதாக இராது. நாலு அட்டை எழுதியதும் எல்லோரும் தாமாகவே ஒரு விஷயத்துக்கு இறங்கி வந்துவிடுகிறார்கள். எனக்கு வந்தவற்றில் மனதில் நிற்கும் ஒன்று, பின்லாந்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது. கம்பளிக் காலுறை பின்னுகிறார். குதிகால் திருப்பம் வரும்போது மட்டும் வானொலியை அணைத்துவிடுவாராம், எண்ணிக்கை தவறிவிடும் என்பதால். "நீங்கள் எந்த வேலையின்போது வானொலியை அணைப்பீர்கள்?" என்ற கேள்வியோடு அட்டை முடிந்திருந்தது. அவர் யார் என்று இதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

மொய்க்கு நேர் எதிர்

இனி, என் கணிப்பில் மிக முக்கியமான விதி. நீங்கள் யாருக்கு அட்டை அனுப்புகிறீர்களோ அவர் உங்களுக்கு அனுப்பமாட்டார். உங்களுக்கு அனுப்புகிறவருக்கு நீங்கள் அனுப்பவேண்டியதில்லை.

நமக்கு இது பழக்கமில்லாத ஏற்பாடு. நம் ஊரில் கல்யாண வீட்டு வாசலில் மொய் நோட்டு இருக்கும். இன்னார் 501, இன்னார் 1001 என்று எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்வோம். குறைத்துச் செய்தால் பேச்சு வரும். அந்த முறையில் ஒரு நியாயம் இருக்கிறது, பாரமும் இருக்கிறது. போஸ்ட்கிராஸிங்கில் நோட்டு உண்டு, ஆனால் அதில் உங்கள் கடன் எந்தத் தனி ஆளிடமும் இல்லை. நீங்கள் போட்டது கூட்டத்துக்கு; உங்களுக்கு வருவதும் கூட்டத்திலிருந்து.

பொழுதுபோக்கைப் பகிர்வதற்கு இதனால் என்ன ஆகிறது? பேசுகிறவருக்குப் பயம் போய்விடுகிறது. "நான் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறேன்" என்று எழுதினால், படிக்கிறவர் அதை ரசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பதிலுக்குத் தன் சேகரிப்பைக் காட்ட வேண்டிய கடமையும் இல்லை. நன்றி இரண்டு வரியில் முடிந்துவிடும். அதற்கு மேல் நட்பாக வளர்வதும் உண்டு, வருடக்கணக்காக எழுதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது விதிவிலக்கு. பெரும்பாலான தொடர்புகள் ஒரே அட்டையோடு முடிகின்றன, அப்படி முடிவது யாருக்கும் மனத்தாங்கல் ஆவதில்லை. ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம் வீட்டு விஷயம் எல்லாம் பேசிவிட்டு விழுப்புரத்தில் இறங்கிப் போகிறோமே, அதே சுதந்திரம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு ஓட்டையும் உண்டு. எதிராளி திருப்பி அனுப்பப்போவதில்லை என்பதால் ஏனோதானோ என்று எழுதினாலும் தண்டனை இல்லை. "வணக்கம், சென்னையிலிருந்து, மகிழ்ச்சியான போஸ்ட்கிராஸிங்" என்று நாலு சொல் கிறுக்கி அனுப்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எண்ணிக்கையை ஏற்றுவதில் குறியாக இருப்பவர்கள் அவர்கள். அப்படி ஒரு அட்டை வந்து விழும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இதைத் தடுக்க விதி போட்டால், அட்டைக்கு மதிப்பெண் போடும் நிலை வரும். அப்புறம் மேடையும் பார்வையாளரும் என்ற பழைய கதைதான். எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது மலிவு.

பிடித்ததைச் சொல்வதும் பட்டியல் போடுவதும்

உறுப்பினர் பக்கத்தில் எழுதும் அறிமுகத்துக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. கையில் வெற்று அட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எதை எழுதலாம், எந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அது துப்புக் கொடுக்க வேண்டும். தன்னை அழகாகக் காட்டிக்கொள்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். ஒருவரை அசத்துவதற்காக எழுதிய அறிமுகத்தைப் படித்தால் பதில் எழுதக் கை வராது.

எழுதக் கடினமான அறிமுகம் எது தெரியுமா? "எனக்கு எல்லாம் பிடிக்கும், எந்த அட்டையும் சரி." பெருந்தன்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிடிமானமே கிடைக்காது. இதற்கு நேர் எதிரில் சிலர் மிரட்டுவார்கள்: கலங்கரை விளக்கம் வேண்டும், பழைய டிராம் வேண்டும், பூனை வேண்டாம், பல படம் சேர்த்த அட்டை வேண்டவே வேண்டாம், நிஜ ஸ்டாம்ப் ஒட்டு, தேதியும் வெப்பநிலையும் எழுது. கேட்பது தப்பில்லை, கட்டளை இடாதீர்கள் என்று திட்டத்தின் நெறிமுறையே சொல்கிறது. ஆனாலும் பட்டியல்கள் நீண்டுகொண்டேதான் போகின்றன. ரசனையைச் சொல்வது எந்த இடத்தில் ஆர்டர் கொடுப்பதாக மாறுகிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரிவதில்லை, படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

நன்றாக வேலை செய்வது நடுவில் உள்ளது: ஒன்றிரண்டு விஷயம், அதுவும் சமீபத்தில் செய்தது. "தோட்டம் பிடிக்கும்" என்பதைவிட "மொட்டை மாடியில் புடலை போட்டிருக்கிறேன், நுனியில் கல் கட்டினால் நேராகத் தொங்கும் என்கிறார் அம்மா" என்பது எங்கோ இருக்கும் ஜெர்மன்காரருக்குக்கூட எழுத நாலு வரி கொடுக்கும். அவருக்குப் புடலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தமிழ் வாசகர்களில் கொஞ்சம் வயதானவர்களுக்கு இதெல்லாம் பேனா நட்பை நினைவூட்டும். நம் பத்திரிகைகளில் அதற்கென்றே பகுதிகள் இருந்தன: பெயர், வயது, பொழுதுபோக்கு, முகவரி. பொழுதுபோக்கு என்ற இடத்தில் "தபால்தலை சேகரித்தல், வானொலி கேட்டல், புத்தகம் படித்தல்" என்று ஒரே மாதிரி எல்லோரும் எழுதியிருப்பார்கள். அச்சில் வந்த முகவரி ஊருக்கெல்லாம் தெரியும். பெண் பெயராக இருந்துவிட்டால் கடிதம் குவியும், அதில் பாதிக்கு மேல் படிக்க லாயக்கு இல்லாதது. அந்த முறையில் சொதப்பியது ஒன்று மட்டும்தான்: ஒரு முகவரி, கணக்கில்லாத வாசகர்கள். போஸ்ட்கிராஸிங் அதைத் தலைகீழாக்கியது. ஒரு முகவரி ஒரு முறைக்கு ஒருவரிடம் மட்டும் போகிறது, யாரிடம் போனது என்பது பதிவில் இருக்கிறது.

ஆனாலும் வீட்டு முகவரியை அன்னியருக்குக் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான். எனக்குத் தெரிந்த பெண்களில் சிலர் அலுவலக முகவரி கொடுக்கிறார்கள், சிலர் அஞ்சலகத்தில் தபால் பெட்டி எடுத்திருக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. புதிய எண் 14, பழைய எண் 27, இரண்டாவது குறுக்குத் தெரு, இன்ன நகர் விரிவாக்கம் என்று நம் முகவரி ஒரு பத்தி அளவு இருக்கும். அதை அந்தப் பாதி அட்டையில் வரி பிசகாமல் வரைந்து அனுப்பியிருக்கும் தைவான்காரரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவருக்கு அந்த "பழைய எண்" எதற்கு என்று கடைசிவரை புரிந்திருக்காது.

நானே செய்த அட்டை

பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவது ஒன்று. அந்தப் பொழுதுபோக்கையே அனுப்புவது வேறு. வரைகிறவர்கள் வரைந்து அனுப்புகிறார்கள், லினோ என்ற மெத்தென்ற தகட்டில் படம் செதுக்குகிறவர்கள் அதை அச்சிட்டு அனுப்புகிறார்கள், தான் எடுத்த புகைப்படத்தைக் கெட்டிக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு அனுப்புகிறவர்கள் ஏராளம். இங்கேதான் போஸ்ட்கிராஸிங் வட்டாரத்தின் ஓயாத சண்டை தொடங்குகிறது. "வீட்டில் செய்த அட்டை வேண்டாம், கடையில் வாங்கிய சுற்றுலா அட்டைதான் வேண்டும்" என்று வெளிப்படையாக எழுதி வைக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தவருக்கு அதைப் படித்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

இரண்டு பக்கமும் காரணம் உண்டு. கேட்கிறவர் சேகரிப்பாளர், அவருக்கு அட்டை என்பது அந்த ஊரில் அச்சாகி, அந்த ஊர்க் கடையில் விற்ற பொருள். கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி உணவு வந்த பெட்டியின் அட்டையை வெட்டி எண்ணை எழுதி அனுப்பிவிட்டு "கைவினை" என்று சொல்கிறவர்களிடம் அவர் சூடுபட்டவராகவும் இருக்கலாம். அனுப்புகிறவருக்கோ தன் கைவேலை ஒன்று தெரியாத ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கப்போகிறது என்பதே மொத்த இன்பமும்.

இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சண்டையில் நடுநிலை வகிக்கவும் வழியில்லை. உள்நாட்டுக்கு 50 பைசா அஞ்சலட்டை எந்த அஞ்சலகத்திலும் கிடைக்கும், ஆனால் அதில் படம் கிடையாது. பட அட்டை வேண்டுமென்றால் மாமல்லபுரம், மதுரை மாதிரி சுற்றுலா இடங்களுக்குப் போய், வெயிலில் நிறம் மங்கிய பழைய அச்சுகளைத் தேட வேண்டும். ஈரோட்டுக்கோ விருதுநகருக்கோ பட அட்டை என்று ஒன்று கடையில் பார்த்தது உண்டா? ஜெர்மனியில் நடுத்தர ஊர் ஒவ்வொன்றுக்கும் நாலு வகை இருக்கும். அதனால் இங்கே பலர் தாமே படம் எடுத்து அச்சிடுகிறார்கள். என் கட்சி வெளிப்படையாக அவர்கள் பக்கம்தான். வாசலில் போட்ட கோலத்தை மேலிருந்து எடுத்த படம், சந்தையில் குவிந்த மஞ்சள் கிழங்கு, மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடிக்கும் கை: இவையெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்காத அட்டைகள். "கடை அட்டை மட்டும்" என்று எழுதுகிறவர் இழப்பது எதை என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அவர் அப்படிக் கேட்டால் நான் மீனாட்சி கோபுரத்தைத்தான் அனுப்புகிறேன். அவர் வீட்டு அலமாரி, அவர் இஷ்டம்.

ஸ்டாம்ப் விஷயத்தில் நம் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. பறவை, இசைக்கருவி, ரயில் என்று இந்திய அஞ்சல் துறை வெளியிடாத தலைப்பு குறைவு. கவுண்டரில் எதுவும் சொல்லாமல் நீட்டினால் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டித் தந்துவிடுவார்கள். "ஸ்டாம்பே கொடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும். சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகம் போன்ற இடங்களில் தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே உட்கார்ந்து, ரயில் பிடிக்கும் என்று எழுதிய செக் நாட்டுக்காரருக்கு ரயில் ஸ்டாம்ப் பொறுக்குவது தனி சுகம்.

திட்டத்தின் பொது மொழி ஆங்கிலம். ஆனால் "உங்கள் மொழியில் ஒரு வரி எழுதுங்கள்" என்று கேட்கிறவர்கள் நிறைய. தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு அதை ஓவியம் போலத் திரும்ப வரைந்து பார்த்ததாக நன்றி எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் எழுதும் வரி பெரும்பாலும் "இன்று மழை வரும் போலிருக்கிறது" என்பதுதான்.

கையில் இல்லாதது

விதிகள் எல்லாம் நன்றாக இருந்தும் இந்த ஏற்பாடு நிற்பது வேறொருவர் தோளில். அஞ்சல் துறைகள் ஆரம்பத்தில் இதை வரவேற்றன. 2011-ல் நெதர்லாந்து போஸ்ட்கிராஸிங்குக்கென்றே தபால்தலை வெளியிட்டது. பின்லாந்து, பெலாரஸ், கெர்ன்ஸி தீவு எனப் பல இடங்களில் அது தொடர்ந்தது. 2020 முதல் அக்டோபர் 1 உலக அஞ்சலட்டை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அதே 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது, நாடு நாடாகத் தபால் வழிகள் மூடிக்கொண்டன. விமானத்தில் ஏறாத அட்டைகள் கிடங்குகளில் தங்கின. எனக்கு வர வேண்டிய அட்டைகளில் சில, அனுப்பியவரே மறந்துபோயிருக்கக்கூடிய அளவு தாமதமாக வந்தன. வரும் வசந்தத்தில் தன் ஊர் ஏரியில் படகுப் போட்டி இருப்பதாக ஒருவர் உற்சாகமாக எழுதியிருந்தார், அந்த வசந்தம் எப்போதோ போயிருந்தது.

அது தற்காலிகம். டென்மார்க்கில் நடந்தது அப்படியில்லை. நானூறு வருடத்துக்கு மேலாக ஓடிய அந்நாட்டு அரசுத் தபால் வழியில், 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு போஸ்ட்நோர்ட் என்ற தபால் நிறுவனம் கடிதப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது. தெருவோரச் சிவப்புப் பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கடிதங்களின் எண்ணிக்கை 2000-ம் ஆண்டிலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்பது காரணம். டென்மார்க்கில் இருக்கும் உறுப்பினர்கள் இப்போது டாவ் என்ற தனியார் நிறுவனத்தின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டிப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவது என்பது போய், கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அல்லது கூடுதல் கட்டணத்துக்கு வீட்டில் வந்து எடுக்கச் சொல்வது என்றாகிவிட்டது. முன்பின் தெரியாதவருக்கு அட்டை எழுதுவது என்னதான் இருந்தாலும் போகிற போக்கில் செய்யும் காரியம். அதற்காகத் தனியாக ஒரு நடை போக வேண்டும், ஒரு அட்டைக்குக் கணிசமாகச் செலவழிக்க வேண்டும் என்றால், காலுறை பின்னுகிறவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து எழுதுவார்கள் என்பது இனி வரும் வருடங்களில் டென்மார்க் எண் போட்ட அட்டைகளை எண்ணினால் தெரிந்துவிடும்.